பெயரோடு கொடுத்த ரத்தம்

மாமா,

இன்று பள்ளி விட்டு வரும்போது கணுக்காலில் அட்டை கடித்துவிட்டது. சவர்க்கார நுரை தேய்த்து அதை எடுத்துப் போட்டேன். ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை. நனைந்த காலுறையைப் பார்த்ததும் உங்கள் சிரிப்பு காதில் கேட்டது. அம்மாவும் அக்காவும் தூங்குகிறார்கள். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தீர்கள். மனிதருடைய மரபணுக்களை முழுவதும் படித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடும் ஆராய்ச்சி. அதற்கு முன்னால் அம்மாவிடம் போனில் கேட்டீர்கள்.

"அக்கா, ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்கப் போறேன். எல்லாரும் பாக்குற மாதிரி போடுவாங்க. ஒனக்குச் சம்மதமா?"

"ரத்தந்தானடா? குடு, புண்ணியம். குடுத்துட்டு வெறும் வயித்தோட சுத்தாத."

அம்மா அதை ரத்த தானம் என்றே நினைத்தார். நீங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டீர்கள்.

விடுமுறைக்கு வந்தபோது ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் கடைக்கு என்னைக் கூட்டிப் போய் உங்கள் பக்கத்தைக் காட்டினீர்கள். உங்கள் படம், தாத்தாவின் பெயர், நம் தேயிலைத் தோட்டத்தின் பெயர்கூட அதில் இருந்தது.

"பேரெல்லாம் எதுக்கு மாமா?"

"நம்ம ஆளுங்க ரத்தத்த இதுவரைக்கும் அட்டதான் பாத்திருக்கு. இனிமே ஆராய்ச்சிக்காரங்களும் பாக்கட்டும். லயத்துலேருந்து வந்தவன்னு தெரிஞ்சே பாக்கட்டும்."

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்றீர்கள். அந்த வாரமே, ரோட்டிலிருந்து அரிசி மூட்டையோடு லயத்தில் நம் வீட்டுக்கு ஏறும்போது படியில் உட்கார்ந்தீர்கள். "மூச்சு வாங்குது. நீ முன்னால போ கழுத." நாலு படி ஏறித் திரும்பினேன். மூட்டையின் மேல் சாய்ந்து கிடந்தீர்கள், மூச்சு இல்லை.

போன வாரம் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். முடிவு வந்திருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். இதயத்தின் தசை தடித்துப்போகும் நோய். திடீரென்று உயிர் போகலாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இருப்பதற்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவர்கள் உடனே பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குக் கூடப் பிறந்தது அம்மா ஒருவர்தானே.

அம்மாவுக்கும் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

"கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சக் காட்டுவோம்மா. மாமாவோட நோய் ஒங்களுக்கும் இருக்கலாம்னு இன்டர்நெட்ல போட்டிருக்கு."

"இன்டர்நெட்டு வந்து என்னயப் பாத்துச்சா?" என்று முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வாயத் தொறக்காத. தம்பி காய்ச்சல்ல போயிட்டான்னு சம்பந்திகிட்ட சொல்லியிருக்கேன். நெஞ்சு நோவுக் குடும்பம்னு தெரிஞ்சா பூண்டுலோயா மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஒங்கக்காள வேணாம்னுட்டுப் போயிருவாங்க. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்."

கல்யாணம் தை மாதத்தில். மாப்பிள்ளைக்குக் கம்பியூட்டர் கடையில் வேலை. உங்கள் பெயரை அவர் இணையத்தில் ஒரு தடவை தட்டினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தை எடுக்க வழி தேடினேன். நீங்களே கேட்டால்தான் எடுப்பார்களாம். எடுத்தாலும், மற்றவர்கள் ஏற்கெனவே பிரதி எடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதாம். அது அங்கே இருந்தால் அக்கா கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். இல்லாமல் போனால், டாக்டரிடம் காட்ட என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

உங்கள் ரத்தம்தான் மாமா, உங்கள் இஷ்டம்தான். ஆனால் அம்மாவைப் பற்றியும் அதில் எழுதியிருக்கும் என்று நீங்கள் ஏன் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை? கோபமாக இருக்கிறது. அதே நேரம், நீங்கள் அதைச் செய்யாவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. எனக்கும் அது இருக்குமோ என்று யோசிக்கத் தொடங்கினால் நெஞ்சு படபடக்கிறது. பயத்தால் வரும் படபடப்பா, அதுவா என்று தெரியவில்லை.

நாளை சனிக்கிழமை. அம்மாவுக்கு உச்சி மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. கூடையைத் தூக்க நானும் வருகிறேன் என்றேன்.

"பெரிய மனுசிக்கு என்ன திடீர்ப் பாசம்? கங்காணி ஒனக்குப் பேரு போட மாட்டாரு, சம்பளம் கெடைக்காது, தெரியும்ல?"

"போட வேணாம்மா."

கொழுந்து நிறைந்த கூடையை நிறுக்கும் இடம்வரை நான் சுமப்பேன். ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எல்லாருக்கும் ஓய்வு. திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், கூடை மறுபடி அம்மா முதுகில்தான், மாமா.