டொக்டருக்குப் படிக்கும் மகள்

ஞாயிறு, நவம்பர் 9

லாவோஸ் ஆட்களும் ஆப்கான் ஆட்களும் கனடாவில் எப்படி முன்னேறினார்கள் என்று ஒப்பிட்டு மகள் கட்டுரை எழுத வேண்டுமாம். என்னோடு வேலை செய்யும் லாவோஸ்காரர் கம்போனையும் ஆப்கான்காரர் நாதிரையும் இன்று வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

தான் சமூகவியல் படிப்பதாகச் சொல்லித் தொடங்கினாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று வேலையிடத்தில் சொல்லி வைத்ததை மறந்தே போனேன்.

கம்போன் மெல்ல, தன் மகனும் தான் சொன்னதுபோல் என்ஜினியர் இல்லை, ட்ரக் ஓட்டுகிறான் என்றார். நாதிரின் மகள் பார்மசிப் படிப்பை விட்டு மணப்பெண் அலங்காரம் செய்கிறாளாம். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவர்கள் போனபின் மகள் கேட்டாள்: "என்ர படிப்பைச் சொல்ல வெக்கமோ அப்பா?"

நாளைக்கே எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவளிடம் காட்டச் சொல்லி எங்கள் வேலையிடத்துப் போர்மன் தந்த அவருடைய முழங்கால் ஸ்கான் ரிப்போர்ட் வேறு என் பையில் கிடக்கிறது.