கருவி காட்டிய பத்தொன்பது

ஆஷிங்டன்,
பிப்ரவரி 11

அன்புள்ள மேவிஸ்,

உன் தங்கை வீட்டுக் காற்றில் இருமல் குறைந்ததா? நான்கு வாரம் சிகரெட்டைத் தொடாமலிருந்தால்தான் வீட்டுக்கு வருவேன் என்றாய். இன்றோடு பன்னிரண்டு நாள். ஆசையை அடக்க இரண்டு வேளை மாத்திரை, கை பரபரத்தால் மின் சிகரெட். மாத்திரையால் விநோதக் கனவுகள் வருகின்றன. நேற்று என் லீக்ஸ் வெங்காயச் செடிகள் தொப்பி போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறின. டிக்கெட் கொடுத்தது நான்தான்.

ஆனால் கிளினிக்கில், மூச்சில் சிகரெட் புகையை அளக்கும் கருவியில் ஊதியபோது பத்தொன்பது காட்டியது. பத்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். நர்ஸ் வினிஃப்ரெட் நான் சொன்னதை நம்பவில்லை. நீயாவது நம்பு.

உன் கத்பர்ட்

பெரிக்,
பிப்ரவரி 14

கத்பர்ட்,

முப்பத்தாறு வருஷமாக "இதுதான் கடைசி" என்று சொல்லியே ஊதியவன் நீ. கருவிக்கு உன்மேல் என்ன பகை? என் நெஞ்சு இனித் தாங்காது. நான் வருவதாக இல்லை. உன் நீல ஸ்வெட்டரைத் துவைத்துப் போடு.

மேவிஸ்

ஆஷிங்டன்,
பிப்ரவரி 18

என் மேவிஸ்,

பகலெல்லாம் எங்கே உட்காருகிறேன் என்று வினிஃப்ரெட் விசாரித்தாள். வேறெங்கே, கண்ணாடிக் குடிலில்தான். போட்டிக்கு வளர்க்கும் லீக்ஸுக்குக் குளிர் ஆகாதே. மண்ணெண்ணெய்க் கணப்பை ஏற்றி, இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருப்பேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிகரெட்ல வர்ற அதே விஷக்காத்துதான் கணப்புலயும் வருது. செடிய வளக்கிறேன்னு நீங்க செத்துத் தொலைஞ்சிருப்பீங்க."

கணப்பை அன்றே அணைத்தேன். இரண்டு நாள் கழித்து ஊதினால் வெறும் இரண்டு! அவள் எழுந்து கைதட்டினாள், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உறைபனியில் பாதிச் செடிகள் போயின. இந்த வருஷப் போட்டிக் கோப்பை அண்ணன் ஆர்ச்சிக்குத்தான், போகட்டும். மிச்சம் பதினொன்றும் நம் படுக்கையில், உன் பக்கம் இருக்கின்றன. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

உன் கத்பர்ட்

பெரிக்,
பிப்ரவரி 20

என் அருமை முட்டாளே,

உன்னை விட்டுவிட்டுக் கருவியை நம்பினேன். மன்னித்துவிடு. கடிதத்தைப் படித்துவிட்டு நானும் தங்கை ஹில்டாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நான் மட்டும் அழுதேன். கோப்பைக்காகச் சொந்த அண்ணனோடு பேசாமல் இருந்தவனாயிற்றே நீ.

நான்கு வாரத்துக்கு இன்னும் ஏழு நாள் பாக்கி. என்னால் காத்திருக்க முடியாது. நாளை மதியப் பேருந்தில் வருகிறேன். என் பக்கத்தைக் காலி செய். மாத்திரையை நடுவில் நிறுத்தாதே.

கருவியெல்லாம் எனக்கு வேண்டாம். வாசலில் ஒரு முத்தம் கொடு, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

உன் மேவிஸ்