ஒரே ஊசியில் இரண்டு எறும்புகள்

பாய்,

புதிதாக இரண்டு எறும்புகளை வைப்பதற்காக இன்று காலை பழைய மரப்பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. உங்கள் பட்டறையில் தோல் ஒட்டும் சொல்யூஷன். இத்தனை வருடத்தில் அது எப்போதோ ஆவியாகியிருக்க வேண்டும். என் பிரமையாகவும் இருக்கலாம். என் மூக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் எறும்பு இருக்கிறது. நீங்கள் முதன்முதலில் ஒட்டிய எறும்பு, இடுப்பு முழுவதும் பழுப்புப் பசை மூடியபடி.

எறும்பு சிறியது, ஊசியால் குத்த முடியாது. முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து, அதன் மேல் நெஞ்சு படியும்படி ஒட்டி, அட்டையைத்தான் ஊசியில் செருக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நீங்களோ தோலுக்குச் செய்வதுபோல இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்திவிட்டீர்கள். "இனிமே மழையில நனைஞ்சாலும் பிரியாது சார்" என்று பெருமை வேறு. பிரியவில்லைதான். ஆனால் ஓர் எறும்பை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது இடுப்பை. அதில் ஒரு கணு இருக்கிறதா, இரண்டா? அந்த இடுப்பே பசைக்குள் போயிருந்தது. எறியத்தான் எடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியின் மூலையில் செருகினேன்.

நாம் பழகியதே ஒரு பையின் வார் அறுந்ததால்தான். மாட்டுங்காவிலிருந்து நடந்து, தாராவியில் உங்கள் பட்டறையைக் கண்டுபிடித்து, நீங்கள் தைத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். சுவரோரம் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் நாலைந்தை எடுத்துக் குப்பிக்குள் போட்டேன்.

"என்ன சார், எறும்பப் போயி அரெஸ்ட் பண்ணுதீய? என்ன கேஸு?" என்று கேட்டீர்கள். பட்டறையே சிரித்தது. ஆனால் அடுத்த வாரம் நான் பூதக்கண்ணாடியோடு வந்தபோது அதை என் கையிலிருந்து வாங்கி, எறும்பின் உணர்கொம்பில் எத்தனை கணு என்று எண்ணியவர் நீங்கள்தான். "பதினொண்ணு." நான் மூன்று முறை எண்ணினேன். பதினொன்றுதான். ஊசிக்காதில் நூல் கோக்கும் கண்ணுக்கு முன்னால் என் பட்டம் எம்மாத்திரம்!

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் நம்முடையவை ஆயின. சுவரோரத்துச் சின்ன எறும்புகள் ஒரு குப்பியில். சாக்கடை மூடியருகே செத்துக் கிடந்த பெரிய எறும்புகள் இன்னொரு குப்பியில். பெரியது சின்னதைப்போல் நாலைந்து மடங்கு நீளம். தலை செங்கல் மாதிரி சதுரம். அதன்மேல் சீப்பால் வாரியதுபோல் நுண்ணிய கோடுகள். சின்னதின் தலை வழவழப்பு. ஒரே கூட்டில் பெரிய வேலைக்காரி, சின்ன வேலைக்காரி இருப்பதுண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு வித்தியாசமா? என்னிடமிருந்த நூல்களில் தேடினேன். பெரியதற்குப் பொருந்தும் விவரணை கிடைக்கவில்லை. மெல்ல மெல்ல, இது யாரும் இதுவரை எழுதாத இனம் என்று நம்பத் தொடங்கினேன்.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். இருபது வருடம் மற்றவர்களின் கட்டுரைகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவன் நான். என் பெயரில் ஒரு வரிகூட அச்சாகியிருக்கவில்லை. கட்டுரையை ஏழு முறை திருத்தி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபால் நிலையம் போகும் வழியில் உங்களிடம் காட்ட வந்தேன்.

நீங்கள் உறையைத் தொடவில்லை. "சார், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. ரெண்டும் ஒரே கூட்டந்தான். நேத்து பாத்தேன். சின்னது பெருசு தலைமேல ஏறிப் போவுது. அடுத்த வீட்டுக்காரன எவன் சார் தலையில ஏறவிடுவான்?"

நான் அதிகம் கோபப்படாதவன் என்று பெயர் வாங்கியவன். அன்று சொன்னேன்: "பாய், உங்களுக்குப் பை தைக்கத் தெரியும். இது வேற." சொன்ன கணமே நாக்கு கூசியது. ஆனால் திரும்ப எடுக்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தீர்கள். உறையைத் தபால் பெட்டி வரை கொண்டுபோனேன். வாயில் பாதி நுழைத்தும்விட்டேன். பின் வெளியே இழுத்துக்கொண்டேன். அறிவினால் அல்ல பாய், வழக்கமான பயத்தினால்.

மறு ஞாயிறு நான் வருவேனா என்று எனக்கே நிச்சயமில்லை. வாசலில் நின்றவனைப் பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல, "வாங்க சார், உங்களுக்காவத்தான் விருந்து வச்சிருக்கு" என்றீர்கள். சுவரோரம் ஒரு கருவாட்டுத் தலை. அதன் முன்னால் எனக்கு ஒரு ஸ்டூல். முதலில் சின்னவை வந்தன. மொய்த்தன, இழுத்துப் பார்த்தன, அசைக்க முடியவில்லை. அரைமணி, முக்கால்மணி. என் முதுகு வலித்தது. பிறகு செங்கல் விரிசலிலிருந்து அந்தச் சதுரத் தலை ஆடி ஆடி வெளியே வந்தது. அதன்மேல், முதுகின்மேல், ஏழெட்டுச் சின்னவை ஒட்டிக்கொண்டு வந்தன.

"பாருங்க சார், பூராம் வித்தவுட்டு!" என்றீர்கள். ஹார்பர் லைன் வண்டியில் டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொண்டு போகிறவர்களைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். பட்டறை சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"புதுசு ஒண்ணு கொறஞ்சு போச்சேன்னு நெனைக்காதீய. பிரிச்சு வச்சிருந்த குடும்பம் சேந்துருச்சுல்லா!"

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன நாத்தம் இது? எங்கே போயிட்டு வரேள்?" ஆராய்ச்சி என்றேன். "உங்க ஆராய்ச்சியை வாசல்லயே விட்டுட்டு, குளிச்சுட்டு உள்ளே வாங்கோ."

உறையைக் கிழித்தேன். ஏற்கெனவே தெரிந்த ஓர் இனம், மும்பையில் ஒரு பட்டறைச் சுவரில், சின்னவற்றைத் தலையில் சுமந்து போவதைப் பற்றி ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதினேன். அச்சானது. யாரும் மறுக்கவில்லை. முதல் கட்டுரை வந்திருந்தால் என் பெயர் எறும்பைப் பற்றி அல்ல, தவறைப் பற்றிப் பேசுகிறவர்களின் வாயில் இருந்திருக்கும். அந்த அவமானத்திலிருந்து என்னைக் காத்ததற்கு நான் நன்றி சொன்னேனா? குறிப்பின் அடியில், ஆங்கிலத்தில், ஒரு வரி. அதை உங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டியபோது, "எம்பேரச் சரியாப் போட்டிருக்கானா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது. நீங்கள் கண்மூடி மூன்று மழைக்காலம் ஆகிறது. கேட்காததற்குப் பதிலாக நான் செய்த ஒரே காரியம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரே ஊசியில் இரண்டு அட்டைகள். மேலே பெரியது, கீழே சின்னது. அடியில் சீட்டு: இடம், தேதி, பிடித்தவர். அவ்வளவுதான் எழுத வேண்டும் என்பது விதி. நான் வாழ்க்கையில் மீறிய விதிகள் குறைவு. அந்தச் சீட்டில் நாலாவதாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். 'சேர்த்துப் பார்த்தவர்' என்று போட்டு, உங்கள் பெயர். எழுத்துப் பிழை இல்லை, பார்த்துவிட்டேன்.

இப்போது செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். பால்கனியில் துளசித் தொட்டியருகே போன வாரம் கிடைத்தவைதான் அந்தப் புதிய எறும்புகள். ஒன்று கறுப்பு, ஒன்று செம்பழுப்பு. உருவத்திலும் வேறு. வேறு வேறு இனம் என்றே தோன்றுகிறது. காலையில் ஒரு சீட்டு எழுதிவிட்டு, இரண்டாவதற்குப் பேனாவை எடுத்தேன். பெட்டியிலிருந்து உங்கள் சொல்யூஷன் வாசனை வந்தது அப்போதுதான்.

சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கருவாட்டுத் தலை கேட்டேன். ஒன்றே ஒன்றா தாத்தா, யாருக்குப் போதும் என்று மீன்காரி மராத்தியில் சிரித்தாள். விருந்தாளிகள் ரொம்பச் சின்னவர்கள் என்றேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். தொட்டியருகே அதை வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். முக்கால்மணி ஆகிறது. முதுகு வலிக்கிறது. இரண்டாவது சீட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை, பாய்.