மாட்டு ஈயின் கண்ணில் மூன்று பச்சைக் கோடுகள்

என் அருமை மாசிலாமணிக்கு,

நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. முதலில் ஊர்ச் சேதி. பாளையங்கோட்டைக்கு ஒரு மோட்டார் வண்டி வந்தது. பத்திரிகைக்கு எழுத நானும் பார்க்கப் போனேன். அது நின்றதும் மாட்டு ஈக்கள் மூன்று வந்து, சூடான இரும்பின் மேல் உட்கார்ந்து கடிக்க இடம் தேடின. ஊரே வண்டியைப் பார்த்தது. நீயாக இருந்தால் எதைப் பார்த்திருப்பாய்?

இனி விஷயம். நீ விட்டுப்போன ஈப் பெட்டியையும் குறிப்பேட்டையும் சென்னையில் பூச்சிகள் சேர்க்கும் ஒரு துரைக்கு அனுப்பினேன். அது உன் அக்கா எஸ்தரின் ஆசை. பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியாரான நீ பத்து வருஷம் எருமைகளின் பின்னால் அலைந்து எழுதியது, உன் பெயரோடு ஓரிடத்தில் பத்திரமாக இருக்கவேண்டும் என்றாள். துரைக்குத் தமிழ் தெரியாதே என்று நான் உன் ஏட்டை ஆங்கிலத்தில் சுத்தப் பிரதி எழுதிச் சேர்த்தேன்.

இரண்டு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தன. துரை மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இறக்கைக் குறிகள் சரியாம். ஒன்றுக்குத் தெளிந்த இறக்கை, ஒன்றுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, ஒன்றுக்குச் சாம்பல் புள்ளிகள். ஆனால் கண்கள்? செம்பு நிறத்தில் மூன்று பச்சைக் கோடு என்றும், பொன்பச்சையில் ஊதாப் பொட்டு என்றும் நீ எழுதியிருக்க, பெட்டியில் எல்லா ஈக்கும் ஒரே பழுப்புக் கண். துரை வண்ணத்துப்பூச்சிகளில் தேர்ந்தவர். அவை செத்தாலும் நிறம் மாறுவதில்லை. ‘வரைந்தவர் கற்பனையைக் கலந்திருக்கிறார், ஏற்பதற்கில்லை’ என்று முடித்திருந்தார்.

வாசித்துச் சொன்னதும் உன் அக்கா அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

“என் தம்பி பொய்யனா? ஈக்குக் கண்மை தீட்டிவிட்டான்னு சொல்லுதாரா?”

“அப்படிச் சொல்லல, எஸ்தர்.”

“வேற எப்படிச் சொல்லுதாராம்? பேப்பர்ல ஊரு நியாயம் எல்லாம் எழுதுதீயளே, ஒங்களுக்குக் கோவமே வரலியா?”

எனக்குக் கோபம் வரவில்லை, சந்தேகம் வந்தது. உன் ஏட்டையும் என் பிரதியையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்த்தேன். உன் ஏட்டில் ஒவ்வொரு கண்குறிப்புக்கும் முன்னால் ‘உயிரோடிருக்கையில்’ என்று இருந்தது. என் பிரதியில் ஓரிடத்திலும் இல்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அடித்துவிடுவது பத்திரிகையில் முப்பது வருஷப் பழக்கம். நான்தான் வெட்டியிருக்கிறேன், மாசிலாமணி. யோசித்துக்கூட வெட்டவில்லை.

எஸ்தரிடம் சொன்னேன்.

“அப்போ பொய்யன் அவன் இல்ல. அவசரக்காரரு இங்கன உக்காந்திருக்காரு.”

மறுநாள் இருவரும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆற்றுக்குப் போனோம். எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த இசக்கி என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

“ஈ வாத்தியாருக்கு அத்தான்தான வே நீரு? பைய வாரும், ஈ பறந்துரும். அவரு வந்தாலே எருமைய அசையாம நிறுத்தச் சொல்லுவாரு. அது என்ன படம் புடிக்கவா நிக்கி?”

எஸ்தர்தான் எருமையின் முதுகில் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். செம்புக் கண்ணில் மூன்று பச்சைக் கோடுகள், சேலைக்கரை போலத் துலக்கமாக. பத்து வருஷம் உன்னைக் கேலி பேசிய நான் ஒருநாளாவது இப்படிக் குனிந்து பார்த்தேனா? காலை ஒன்பது மணிக்குப் பச்சை என்று குறித்துக்கொண்டேன். வழியிலேயே ஈ செத்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கோடுகள் மங்கின. விளக்கு வைக்கும் வேளைக்கு வெறும் பழுப்பு.

நான் எழுதினால் மட்டும் துரை நம்புவாரா? அதற்கும் உன் அக்காதான் வழி கண்டாள், தேடாமலே. ரயிலில் வந்த குலுக்கலில் உன் ஈக்கள் சிலவற்றுக்கு இறக்கை மடங்கியிருந்தது. அவற்றை நிமிர்த்த, காய்ந்த ஈயை இளக்க நீ செய்வதுபோலவே, மூடிபோட்ட சட்டியில் ஈரமணல் பரப்பி உள்ளே வைத்தாள். இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தவள் கூவினாள்.

“இங்கன வாங்க! சீக்கிரம் வாங்க!”

ஐந்து வருஷத்துக்கு முன் நீ பிடித்த ஈ. அதன் கண்ணில் கோடுகள் திரும்பியிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. எஸ்தர் அழவில்லை. மூடியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

பிழை முழுவதும் என்னுடையது என்று துரைக்கு எழுதினேன். நான் வெட்டிய சொல்லை எழுதி, ஈரமணல் விவரத்தையும் சேர்த்து, பெட்டியை மறுபடி அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. அவர் சட்டியிலும் கோடுகள் வந்தனவாம். அவர் மனைவி துரைசாணி அம்மாளும் வந்து பார்த்தாராம். பெட்டி இனி அவர் சேகரிப்பில் இருக்கும், ‘கண்டு எழுதியவர்: மாசிலாமணி, பாளையங்கோட்டை’ என்ற சீட்டோடு. எஸ்தர் கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு எதிர்வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

துரை ஒன்று கேட்டிருக்கிறார். உன் ஈக்கள் அனைத்தும் பெண். இரண்டு கண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. கண்கள் ஒட்டியிருக்கும் ஆண் ஒன்றுகூட இல்லை. கறுப்புப் பட்டை இறக்கைக்காரியின் ஆண் கிடைக்குமா என்கிறார். ஆண் ஈ கடிப்பதில்லை, மாட்டைத் தேடி வருவதுமில்லை. பின் எங்கே இருக்கும்? உனக்குத் தெரிந்திருந்ததா? கரையோரப் பூக்களில் பார்க்கலாம் என்கிறாள் உன் அக்கா.

இந்தக் கோடை முடியுமுன் தேடுவோம். கிடைத்தால் உன் ஏட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தில் ஏறும். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று ஏறும். எழுதப்போவது எஸ்தர். நான் பேனாவைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதையே உனக்கும் கொடுக்கிறேன்.

உன் அக்காவிடம் இன்னும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும்,
உன் அத்தான்