எங்கள் ஊர் லெப்ட் அவுட்

ஆவணி 3, செவ்வாய்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் செம்புழுதி. கண்ணிலும் கொஞ்சம்.

இதெல்லாம் நான் முன்னமே சொன்னது. கஜனுக்கு ஏழு வயசு. வாழைத் தோட்டத்து வரம்பில் தென்னங் குரும்பட்டி ஒன்றை இடக்காலால் தட்டிக்கொண்டு ஓடினான். அன்றைக்கே சொன்னேன், இவன் நாட்டுக்கு விளையாடுவான் என்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அது வேறு விஷயம்.

கஜன் என் தங்கச்சி மலரின் மகன். மாலைதீவில் இரண்டு வருசமாகச் சம்பளத்துக்குப் பந்து விளையாடுகிறான். இடது கரையோரம் ஓடுகிறவன். இப்போது அதை விங்கர் என்கிறார்கள். எங்கள் உரும்பிராயில் அந்த இடத்துக்குப் பெயர் லெப்ட் அவுட். நானும் அந்தக் காலத்தில் லெப்ட் அவுட்தான். மூலைக் கொடியடியிலிருந்து நான் அடித்த பந்து காற்றில் வளைந்து உள்ளே போனது. கோல் காத்தவர் அன்றோடு விளையாட்டை விட்டார். (பிறகு வெளிநாடு போனார்.)

மூன்று கிழமையாகக் கஜன் கொழும்பில், தேசிய அணியின் பயிற்சி முகாமில். அணியில் பெயர் வந்தால் மாலைதீவுக் கழகம் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கும். வராவிட்டால் பார்க்கலாம் என்றார்களாம். பார்க்கலாம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வயசு இருபத்தேழு. ஓடுகிற காலுக்கு அது பின்னேரம்.

பி.ப. 2. சனசமூக நிலைய வாட்ஸப்பில் ஆங்கிலப் பேப்பர் துண்டு ஒன்று. அதை வாசிக்க எட்டாம் வகுப்பு ஆங்கிலம் எனக்குக் காணும். கஜனின் பெயர். பக்கத்தில் லெப்ட் அவுட். வேறென்ன வேண்டும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னேன். கடைசியாக மலர் வீடு. அவள் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

"மெய்யாவோ அண்ணை? நேற்றுத் தொடக்கம் அவன்ரை போன் வேலை செய்யேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. இப்பதான் எனக்குப் போன் எடுத்தவன். மாமா, லெப்ட் அவுட் நான்தான் எண்டு தன்ரை வாயாலை சொன்னவன்."

அதைக் கேட்டபிறகுதான் உட்கார்ந்தாள். தேத்தண்ணி தந்தாள். இரண்டு கரண்டி சீனி, என் நீரிழிவு வருத்தத்தையும் மறந்து.

வீட்டுக்கு வந்தால் என் மனிசி ராணி: "உங்களுக்கு எப்ப போன் வந்தது? நான் இஞ்சைதானே நிண்டனான்."

"நீ கிணத்தடியிலை நிண்டாய்."

ஆறு மணிக்குள் சந்தியில் பனர் கட்டியாயிற்று. பக்கத்துத் திருநெல்வேலிக் கடையில் அடித்தது. பத்தடி நீளம். "தேசிய அணியின் லெப்ட் அவுட் கஜன், எங்கள் மண்ணின் பெருமை." மூலையில் என் படமும் வட்டமாக. அதை நான் கேட்கவில்லை. படம் கொடுத்தது மட்டும்தான்.

ஆவணி 4, புதன்

காற்று கூடிவிட்டது. ரீச்சர் வீட்டு வோட்டர் பம்ப் காற்று இழுக்கிறதாம். காலையில் திருத்தப் போனேன். வோஷர் தேய்ந்துவிட்டது. ரீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்.

"சின்னராசாண்ணை, சந்தியிலை அந்தப் பனரை ஆர் கட்டினது?"

"நாங்கள்தான்."

"உதைக் கழட்டுங்கோ. பேப்பரிலை லெப்ட் அவுட் எண்டு போட்டது விளையாடுற இடத்தை இல்லை. விட்டுட்டினம் எண்டு அர்த்தம். பெடியனை அணியிலை எடுக்கேல்லை."

"ரீச்சர் பந்து விளையாடி இருக்கிறியளோ?"

"இல்லை."

"அப்ப?"

"இங்கிலீஸ் படிப்பிச்சிருக்கிறன் அண்ணை."

வோஷரை மாத்திரம் மாற்றினேன்.

என் அப்பா காலம் தொட்டு ஊரே சொல்லி வந்த சொல். வெள்ளைக்காரன் அதே சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் வைத்திருப்பதை இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லை. இடது கரைக்கு, வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவரை எடுத்திருக்கிறார்களாம். நல்லாக விளையாடுவாராம். இருக்கட்டும். எங்கள் மண்ணில் முழங்கால் தேய்ந்தவனுக்கு மாற்று ஆட்கள் குந்துகிற வாங்கில் ஒரு மூலை கூடவா இல்லை.

ச.ச. நிலையத்தில் கூட்டம். தலைவர்: "பனரைக் கழட்டுவமோ?"

நான்: "இப்ப கழட்டினால் ஊர் சிரிக்கும். விடுங்கோ. காத்துக் கிழிக்கட்டும்."

காற்று கிழிக்கவில்லை. அந்தக் கடைக்காரர் அவ்வளவு உறுதியாகத் தைத்திருக்கிறார். எதற்கெல்லாம் நல்ல வேலைக்காரர்கள் அமைகிறார்கள்.

மலரிடம் நானேதான் சொன்னேன். அழவில்லை. கேள்வி கேட்டாள். அது அதைவிட மோசம்.

"அப்ப அவன் ஏன் உங்களுக்கு அப்பிடிச் சொன்னவன்?"

"பகிடிக்குச் சொல்லியிருப்பான்."

"எங்கை நிண்டு கதைச்சவன்?"

"கடல் சத்தம் கேட்டது."

ஆவணி 5, வியாழன்

முகாமில் விசாரித்தாயிற்று. செவ்வாய் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். எங்கே என்று தெரியாதாம். போன் இன்னும் வேலை செய்யவில்லை.

ஆக, அவனோடு கடைசியாகக் கதைத்த ஆள் நான். வீடு நிறையச் சனம். ராணிக்குத் தேத்தண்ணி ஊற்றியே கை ஓய்ந்தது. கேட்டவை:

குரல் எப்படி இருந்தது? (தெளிவு.)
அழுதானா? (இல்லை. மூக்குக் கொஞ்சம் அடைத்திருந்தது.)
எவ்வளவு நேரம்? (மூன்று நிமிசம். தலைவருக்குப் பத்து என்று சொன்னதாக ஞாபகம்.)
கடலைத் தவிர வேறு சத்தம்? (இரயில்.)

இரயில் என்றதும் மச்சான் சிவம், மலரின் புருஷன், எழும்பிவிட்டார். அதிகம் கதையாத மனிசன்.

"கடலும் இரயிலும் பக்கத்திலை எண்டால் கொழும்பிலை வெள்ளவத்தை. நான் போறன்."

"பொறுங்கோ மச்சான். சத்தம்தானே. சரியாச் சொல்லேலாது."

"நீங்கள் கேட்டனியள்தானே மச்சான்?"

"ஓம். கேட்டனான்."

கஜனின் படம் ஒன்றைச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு காலை பத்து மணி பஸ் ஏறிவிட்டார். அவருக்கு இடுப்பு நோவு. எட்டு மணித்தியாலம் இருந்து போகவேண்டும்.

இன்றைக்கு வேலை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பம்ப் திறந்தபடி முற்றத்தில்.

ஆவணி 6, வெள்ளி

வாங்க: வோஷர் 4, கிறீஸ், ராணிக்குத் தலையிடிக் குளிசை. பிள்ளையாருக்குத் தேங்காய் (கஜன் வந்தால்).

மச்சான் வெள்ளவத்தையிலிருந்து அழைத்தார். நேற்றுப் பின்னேரமும் இன்று காலையும் தண்டவாளத்தோடு நடந்திருக்கிறார். கடைகளில் படத்தைக் காட்டினாராம். ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல விளையாட்டுக்காரன், மாலைதீவில் அடித்த கோலை வீடியோவில் பார்த்தேன் என்றாராம். மச்சான் சந்தோசப்பட்டார். பிறகு, கடல் இரைகிறது, கேட்கவில்லை என்று வைத்துவிட்டார்.

மலர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ராணிதான் வந்து சொன்னாள்: "நீங்கள் இரயில் எண்டு சொன்னதிலை இருந்துதான். தாய்க்கு இரயில் எண்டால் வேறையெல்லோ தோணும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தம் என்றுதானே சொன்னேன். மனிசருக்கு ஒரு சொல்லைச் சும்மா கேட்டுவிட்டுப் போகத் தெரியாது.

பி.ப. 3. மாலைதீவுக் கழக மனேச்சரின் செய்தி வந்தது, மலரின் போனுக்கு. ரீச்சரைக் கொண்டு வாசித்தோம். இனி நான் ஆங்கிலம் வாசிப்பதாக இல்லை. செவ்வாய் காலை பயிற்சிக்கு வந்தால் ஆறு மாதத்துக்குக் கையெழுத்து. வராவிட்டால் வேறு ஆள். இரண்டு வருசம் கேட்ட இடத்தில் ஆறு மாதம். அதுவும் ஆள் இருந்தால்.

மலர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். "செவ்வாய்க்கிடையிலை வந்திடுவான் என்ன அண்ணை? உங்களுக்குத்தானே எடுத்தவன். திரும்பவும் உங்களுக்குத்தான் எடுப்பான். போனைச் சார்ஜிலை வைச்சிருங்கோ."

வைத்தேன்.

ஆவணி 7, சனி

மேகமூட்டம், மழை இல்லை.

வட்டுக்கோட்டையில் ஒரு கமக்காரர் வீட்டுப் பம்ப். போக விருப்பமில்லை, வெங்காயம் காய்கிறது என்று கெஞ்சினார். வேலை முடிந்து கை கழுவும்போது:

"உங்கடை மருமோனை இஞ்சை ஆர் வீட்டை விட்டிருக்கிறியள்? காலமை காலமை கொலிஜ் மைதானத்திலை தனிய ஓடுறான்."

நான் சாவியையும் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவனேதான். கையில் தண்ணிப் போத்தல். பந்து இல்லை. இடது கோட்டோடு மேலே ஓடுகிறான், மூலையில் திரும்புகிறான், நடந்து வருகிறான். திரும்பவும். என்னைக் கண்டு நின்றான்.

"எங்கையடா போனனீ?"

"இஞ்சைதான் மாமா. கூட்டாளி வீட்டை. புதன் விடிய பஸ்ஸிலை வந்து எங்கடை சந்தியிலை இறங்கினன். பனரைப் பாத்தன்."

நான் குனிந்து செருப்புக்குள் போன கல்லைத் தட்டினேன்.

"அதுக்குக் கீழாலை நடந்து வீட்டை போகச் சொல்லுறியளோ? பத்தடியிலை சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். பிறகு இஞ்சாலை ஒரு ஓட்டோ பிடிச்சு வந்திட்டன்."

"கொம்மா சாப்பிடேல்லையடா."

தண்ணியைக் கீழே ஊற்றினான். போத்தலை மூடினான். "விங்கிலை நிக்கிறவனுக்குப் பந்து வந்தாத்தான் மாமா வேலை. மூண்டு கிழமை ஓடினன். பந்து வேறை பக்கத்தாலை போச்சு. அதைப் போய் அம்மாக்கு என்னெண்டு விளங்கப்படுத்துறது?"

மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சந்திக்கு வராமல் தோட்டப் பாதையால்.

மலர் வாசல் படலையில் நின்றாள். முதலில் அவன் கையைப் பிடித்தாள், பிறகு முகத்தை, பிறகு குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தாள். முழுசாக இருக்கிறானா என்று. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"மாமனுக்குப் போன் எடுக்கத் தெரிஞ்சுது. பெத்தவளுக்கு எடுக்கத் தெரியேல்லை, என்ன?"

கஜன் என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நான் பம்பின் கிறீஸை விரலில் இருந்து துடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அம்மா. பிழைதான்," என்றான்.

அவள் குசினிக்குள் போனாள். வெளியே வரவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

பனரைக் கழற்றினோம். நானும் தலைவரும். ஊர் சிரித்தது, கொஞ்சம்தான்.

கஜன் போகிறான். ஏழு மணி பஸ். நாளைக்கு விமானம். ஆறு மாதம் என்றாலும் ஆறு மாதம், விளையாடிப் பார்க்கிறேன் என்கிறான். நான், அங்கேயே நிரந்தரமாக்கி விடுவார்கள், எழுதி வை என்றேன். அவன் பூட்ஸுக்குள் பேப்பர் அடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

மச்சான் காலையில் வந்து சேர்ந்தார். இரண்டு காலும் வீக்கம். மகனைப் பார்த்து ஒரே ஒரு சொல்: "எனக்கெண்டாலும் எடுத்திருக்கலாம்." கஜன் அதற்கும் ஓம் என்றான்.

மலர் சோறு போட்டு வைத்தாள், பரிமாறவில்லை. மகனோடு கதையில்லை. ராணி போய்ச் சமாதானம் பேசினாள். மலர் சொன்ன பதில்: "நாலு நாள் நான் செத்துப் பிழைச்சனான் மச்சாள். அவன் ஆறுதலா மாமனோடை பகிடி கதைச்சிருக்கிறான். போகட்டும். பஸ் ஏத்தச் சந்திக்கு நான் வரேல்லை."

நான்கு மணி. இன்னும் மூன்று மணித்தியாலம். இரண்டு முறை அவள் படலை வரைக்கும் போனேன். இரண்டு முறையும் பம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன். எழுதினால் வாயில் வரும் என்று நினைக்கிறேன். எழுதிவிட்டுத் திரும்பப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை கஜன் எனக்குப் போன் எடுக்கவில்லை. கடலும் இல்லை, இரயிலும் இல்லை. என்னுடைய நம்பர் அவனிடம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.