சீமெந்துக்குக் கீழே

ஒக்டோபர், வியாழன் இரவு

நாங்கள் மாணவர்களுக்கு நீருக்கடியில் சுழியோட்டம் பழக்கும் கப்பல் ஒரு காலத்தில் கடற்படைக்கு எண்ணெயும் உணவும் சுமந்தது. பிறகு விற்றார்கள். வாங்கியவர்கள் எண்ணெய்த் தாங்கிகளில் சீமெந்து ஊற்றி, சுழியோடிகள் இறங்க ஏணி பொருத்தி, ரொறன்ரோத் துறைமுகத்தில் கட்டினார்கள்.

இன்று அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க இறங்கினேன். பாசியைச் சுரண்டியபோது கத்தி துருப்பிடித்த இரும்புக்குள் புகுந்து சீமெந்தில் முட்டி நின்றது. பக்கத்திலும் அப்படித்தான்.

மேலே வந்து, எஞ்சின் பார்க்கும் ரவி அண்ணையிடம் சொன்னேன்.

"உது எனக்குத் தெரியும், சுதா. சீமெந்துதான் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா கப்பலை உடைக்கக் குடுத்திடுவாங்கள். நான் உதிலைதானே இவ்வளவு காலமும் சீவிச்சனான்."

நாளை மாணவர்களோடு கப்பல் ஏரிக்குள் போக இருந்தது. நான் கப்டனிடம் சொன்னேன். அவர் பயணத்தை நிறுத்தினார். ரவி அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அஜக்ஸில் இருக்கும் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகும் மனம் ஆறவில்லை. சற்று முன் ரவி அண்ணையே போனில் அழைத்தார்.

"கப்பலிலை நிக்கிறன். கீழை தண்ணி வருது. பம்ப் போட்டிருக்கிறன்."

நான் கத்தி வைத்த இடமோ.

"விட்டிட்டு இறங்குங்கோ, அண்ணை."

"ஓம், இறங்கிறன்" என்றார். குரலில் அவசரமே இல்லை.

தீயணைப்புப் படைக்குச் சொல்லிவிட்டேன். கணவர் காரோடு மிசிசாகாவில் இரவு வேலையில் இருக்கிறார். டாக்சி வரும்வரை எழுதுகிறேன். அண்ணையின் போன் அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. மறுபடியும் அடித்தேன். இப்போது அவருடைய போன் அடிக்கவே இல்லை.

வாசலில் டாக்சி.