ஆள் வேண்டாத அறை

ஓசூர்
12 ஜனவரி 2025

அன்பு எஸ்லின்,

கர்த்தர் கிருபையில் நானும் லிபியாவும் சுகம். போனில் பேசினால் பாதியிலேயே தூங்கிவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது. ஓசூர் செல்போன் டவர்களை மாற்றும் வேலை முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் சென்னை ஆபீசுக்குப் போனாய். அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், "டவர்ல இருக்காங்க" என்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

எபினேசர்

சென்னை
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கோபப்படாமல் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒவ்வொரு டவரின் கீழும் இருந்த கருவிப் பெட்டிகளை எடுத்துவிட்டு, எல்லா டவருக்கும் சேர்த்து சிப்காட்டில் ஒரே அறையில் சர்வர்கள் வைக்கிறோம். பகலில் கம்பெனிகளில் கூட்டம். ஷிப்ட் விட்டால் பாகலூர் ரோட்டு வீடுகளில் கூட்டம். ஆட்கள் போகிற பக்கமே நெட்வொர்க்கின் பலமும் போகும். அறை தயாரானதும் அங்கேயே எனக்கு இடம் கேட்டிருக்கிறேன். லிபியாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் எஸ்லின்

ஓசூர்
16 மார்ச் 2025

எஸ்லின்,

அம்மா வேலை செய்யப்போகிற இடம் என்று லிபியாவை சிப்காட்டுக்குக் கூட்டிப்போனேன். பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்த திம்மராயன், "உள்ள மெஷினு மட்டுந்தான் சார். ஆளு யாரும் உக்கார மாட்டாங்களாம். மெட்ராஸ்ல இருந்தே பாத்துக்குவாங்களாம்" என்றார். உனக்கு இது தெரியுமா?

எபினேசர்

சென்னை
23 மார்ச் 2025

அத்தான்,

சத்தியமாகத் தெரியாது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் மேனேஜரிடம் கேட்டேன். ஓசூரில் இனி யாருக்குமே இடமில்லை என்றார். நான் ஒழுங்காகச் செய்து முடித்த வேலையே எனக்கு அங்கே வேலை இல்லாமல் செய்துவிட்டது. அலுத்துவிட்டது. ராஜினாமா எழுதிக் கொடுக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எஸ்லின்

ஓசூர்
20 ஏப்ரல் 2025

அன்பு எஸ்லின்,

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இத்தனை நாள் பதில் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதிக் கொடுக்காதே. நான் கொடுத்துவிட்டேன். இங்கே கம்பெனியில் பெர்மனென்ட் ஆவதற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். சென்னைப் பக்கம் ஒரகடத்துக் கம்பெனியில் மறுபடியும் கான்ட்ராக்ட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லிபியாவின் பரீட்சை முடிந்ததும் சாமான்களோடு வருகிறோம்.

சந்தோஷமாக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு வருத்தம் இருக்கிறது. கொஞ்ச காலம் இருக்கும். அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் போனைத் தள்ளி வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு. எனக்கு அது போதும்.

எபினேசர்